ரயில் இல்லாத மணிக்கூண்டு

எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்ப்பதற்கு முன்னால் ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்கிறவன் நான் என்று என் மனைவி கேலி செய்வாள். அதில் பொய் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டராக முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தோன்றும்? காசிக்குப் போனபோதும் கங்கையைப் பார்ப்பதற்கு முன் ராஜ்காட் பாலத்தில் வண்டி போவதைத்தான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2023 டிசம்பரில் நாங்கள் இருவரும் மகள் வீட்டுக்கு ஹாங்காங் போயிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் தாய் போ என்ற இடத்தில் இருக்கிறார்கள். பதினேழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மலை, கீழே குனிந்தால் ரயில் பாதை. போன அன்றைக்கே எனக்கு வீடு பிடித்துவிட்டது. மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி என்கிற கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றால் மகள் சிரிப்பாள். "அப்பா, இங்க உங்களுக்கு டூட்டி கிடையாது. வந்து உட்காருங்க."

அந்தப் பாதையைப் பற்றி மாப்பிள்ளைதான் சொன்னார். இப்போது அது ஊருக்குள் ஓடும் மெட்ரோ மாதிரிதான். ஆனால் ஆதியில் அது கௌலூனிலிருந்து சீனாவின் கான்டன் நகரத்துக்குப் போன ரயில் பாதை. கான்டனுக்கு இப்போது குவாங்சௌ என்று பெயர். பிரிட்டிஷ்காரர்கள் போட்ட பகுதி கௌலூனிலிருந்து எல்லையில் உள்ள லோ வூ வரை, 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். 1910 அக்டோபரில் வண்டி ஓட ஆரம்பித்தது. அடுத்த வருடம் சீனப் பகுதியும் முடிந்து, கான்டன் வரை நேரடி வண்டி விட்டார்கள். "அந்தப் பழைய ஸ்டேஷன் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்டேஷன் இல்லை மாமா. மணிக்கூண்டு மட்டும் இருக்கு" என்றார்.

ஸ்டேஷன் இல்லாமல் மணிக்கூண்டு மட்டுமா? அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

மறுநாள் சனிக்கிழமை. மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதோ வேலை. என் பேத்திதான் வழிகாட்டி. பதினோரு வயது. அங்கேயே பிறந்து அங்கேயே உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் கொஞ்சம் தடுக்கும். கான்டனீஸ் தண்ணீர் பட்ட பாடு. "தாத்தா, கையை விடாதீங்க" என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னபோது, காலம் எப்படித் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தாய் போவில் ஏறி, ஹங் ஹாம் என்ற இடத்தில் இறங்கி வேறு வண்டி மாறி, சிம் ஷா சுயி கிழக்கு என்ற ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து நடை. கடற்கரை ஓரமாகவே போனால், திடீரென்று கண்ணெதிரே நிற்கிறது.

சிவப்புச் செங்கல், ஓரங்களில் வெள்ளைக் கருங்கல். 44 மீட்டர் உயரம். தலையில் ஒரு சின்னக் குவிமாடம், அதற்கு மேல் 7 மீட்டருக்கு இடிதாங்கிக் கம்பி. நாலு பக்கமும் கடிகாரம். சுற்றிலும் பனை மாதிரி மரங்களும் ஒரு நீர்த்தொட்டியும். முன்னால் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் ஹாங்காங் தீவின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம், கலாசார மையமாம், 1989ல் திறந்தார்களாம். அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் பிளாட்பாரங்களும் தண்டவாளங்களும் இருந்திருக்கின்றன. இன்றைக்கு ஒரு முழத் தண்டவாளம் கூட இல்லை.

அங்கே வைத்திருந்த பலகையைப் பேத்தி படித்துச் சொன்னாள். மீதி விவரத்தை மாப்பிள்ளையும் புத்தகமும் பின்னால் தந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்டேஷன் கட்டும் வேலை 1913ல் ஆரம்பித்திருக்கிறது. வரைபடம் போட்டவர் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். கோலாலம்பூர் ரயில்வே ஸ்டேஷனையும் வரைந்தவர் அவர்தான். மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்குப் போன நம் ஆட்களில் எத்தனை பேர் அந்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பார்களோ! மணிக்கூண்டு 1915ல் எழும்பிவிட்டது. ஆனால் முதல் உலக யுத்தம் நடந்ததால் ஐரோப்பாவிலிருந்து சாமான் வருவது தாமதப்பட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு கடிகாரம். அதுவும் புதிது இல்லை. தீவில் பெட்டர் தெருவில் நடு ரோட்டில் நின்ற ஒரு பழைய மணிக்கூண்டை 1913ல் இடித்தார்கள். அதிலிருந்து எடுத்து வந்தது. மற்ற மூன்று முகமும் 1920ல்தான் பொருத்தப்பட்டன. நாலும் சேர்ந்து ஓட ஆரம்பித்தது 1921 மார்ச்சில். அதற்குப் பிறகு ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் தவிர நின்றதில்லை என்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? எங்கள் காலத்தில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு கண்ட்ரோலிலிருந்து டைம் சிக்னல் வரும். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்போம். ஆபீஸ் கடிகாரம் அரை நிமிடம் முன்னே பின்னே இருந்தாலும் சரி செய்து டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மணிக்கூண்டைச் சுற்றி வந்தேன். வடக்கு முகம், கிழக்கு முகம், தெற்கு, மேற்கு. நாலும் ஒரே மணிதான் காட்டின. அப்படியும் திருப்தி இல்லாமல் இரண்டாவது சுற்று வந்தேன்.

மரத்தடித் திண்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. பஞ்சு அடைத்த கறுப்புக் கோட்டு. பக்கத்தில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். நான் மூன்றாவது தடவை கடந்தபோது பேத்தியிடம் என்னமோ கேட்டுச் சிரித்தார்.

"தாத்தா, நீங்க வாட்ச் ரிப்பேர் பண்றவரான்னு கேக்கறார்."

"ஸ்டேஷன் மாஸ்டர்னு சொல்லு."

சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொல்லித் திண்டைத் தட்டினார். ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அங்கே பெரியவர்கள் வெறும் வெந்நீரைத்தான் நாள் முழுக்கக் குடிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கான்டனீஸில் சொல்வார். பேத்தி தமிழில் சொல்வாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் இங்கிலீஷ் போட்டு ஒட்டுவாள். நடுநடுவே ஒரு புதுமணத் தம்பதி மணிக்கூண்டைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். வெள்ளை கவுன், கறுப்புக் கோட்டு. கலாசார மையத்துக்குள்ளேயே கல்யாணப் பதிவு அலுவலகம் இருக்கிறதாம். ஒரு ஜோடி போனதும் அடுத்த ஜோடி வந்து நின்றது.

பெரியவருக்கு வயது எண்பத்து நாலு. ஒன்பது வயதில், 1948ல், அம்மாவோடு கான்டனிலிருந்து ரயிலில் இங்கே வந்து இறங்கியிருக்கிறார். அப்பா ஏற்கெனவே இங்கே துறைமுகத்தில் வேலை. சீனாவில் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அக்கா ஒருத்தி, பதினைந்து வயது. பாட்டி படுத்த படுக்கையாக இருந்ததால் பாட்டிக்குத் துணையாக அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு மாதத்தில் திரும்பிப் போய் இரண்டு பேரையும் அழைத்து வந்துவிடலாம் என்பது ஏற்பாடு. கிளம்பும்போது அம்மா அக்காவிடம் சொன்னாளாம், "கடைசி ஸ்டேஷன். வெளியே வந்தால் உயரமான மணிக்கூண்டு இருக்கும். எங்கேயும் நகராதே. அதன் அடியிலேயே நில். நான் வந்து கூட்டிக்கொள்வேன்."

ஊரில் எல்லோருமே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்களாம். மணிக்கூண்டடி, இல்லையென்றால் ஸ்டேஷன் வாசலில் இருந்த ஐந்து கொடிக்கம்பம். செல்போன் இல்லாத காலத்தில் ஆளைச் சந்திக்க அந்த இரண்டு இடம்தான்.

1949 அக்டோபரில் கான்டன் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிற்று. அதே மாதத்தில் நேரடி ரயில் நின்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து வண்டி லோ வூ வரைதான். சீனாவுக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்துபோய், அந்தப் பக்கத்து வண்டியில் ஏற வேண்டும். 1950ல் உள்ளே வரும் ஆட்களுக்கு ஹாங்காங் அரசும் கட்டுப்பாடு போட்டது. அக்கா வர முடியவில்லை.

"நீங்க போய்ப் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

பேத்தி மொழிபெயர்த்ததும் அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடினார்.

அம்மா மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறாள். சீனப் புத்தாண்டு சமயத்தில், எண்ணெய் டின்னும் பழைய துணிமணியும் தூக்கிக்கொண்டு, அந்தப் பாலத்தில் நடந்து போயிருக்கிறாள். இவர் போகவில்லை. முதலில் படிப்பு. பிறகு தொழிற்சாலையில் வேலை, லீவு கிடையாது. பிறகு கல்யாணம், குழந்தைகள். பிறகு 1966ல் அங்கே கலாசாரப் புரட்சி, போக பயம். "ஆனால் பயம் வருவதற்கு முன்னால் பல வருடம் இருந்தது. போயிருக்கலாம். போகவில்லை." இதைச் சொல்லிவிட்டு அவர் பேத்தியின் தலையைத் தடவினார். ஒரு விஷயமும் இருந்ததாம். தன்னை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் கூட்டிப் போனார்கள் என்று அக்கா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். ஒன்பது வயதுப் பையன் என்ன செய்வான், என்மேல் என்ன தப்பு என்று இவருக்கு ஒரு கோபம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டிவிட்டேன் என்றார்.

எனக்கு அந்த வெந்நீர் தொண்டையில் நின்றது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இங்கே எத்தனையோ பழைய கதை எழுதியிருக்கிறேன், அவனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நான் மயிலாடுதுறையில் இருக்கிறேன். அவன் கும்பகோணத்தில். ரயிலில் முப்பது சொச்சம் கிலோமீட்டர். கௌலூனிலிருந்து லோ வூ போகும் தூரம் கூட இல்லை. அம்மா காலமான பிறகு வீட்டைப் பாகம் பிரித்தோம். கொல்லைப்புறம் போவதற்கு நாலு அடிப் பாதை யாருக்கு என்பதில் வார்த்தை தடித்தது. நான் மூத்தவன் என்ற தோரணையில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். அவனும் சொன்னான். அதற்கு அடுத்த வருடம் அவன் பையனுக்குக் கல்யாணம். பத்திரிகையை நேரில் கொண்டு வந்து வெற்றிலை பாக்கோடு வைக்காமல் தபாலில் அனுப்பினான். பெரியப்பனுக்குத் தபாலில் பத்திரிகையா என்று நான் போகவில்லை. மனைவியையும் போகவிடவில்லை. ஏழு வருடம் ஆகிவிட்டது. எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லை கிடையாது, பாலம் கிடையாது, ராணுவம் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று எனக்கு மனப்பாடம். போதாததற்கு ஓய்வு பெற்ற ஊழியனுக்கு பாஸ் வேறு.

இதை நான் பெரியவரிடம் சொல்லவில்லை. பேத்தியின் வாயால் சொல்ல வைக்க வெட்கமாக இருந்தது.

"அப்புறம் அக்கா வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

வந்தாள். ஆனால் அதற்கு முன்னால் ஸ்டேஷன் போய்விட்டது. கூட்டம் பெருகி இடம் போதவில்லை என்று ஹங் ஹாமில் புது ஸ்டேஷன் கட்டினார்கள். 1975 நவம்பர் கடைசியில் பழைய ஸ்டேஷனை மூடினார்கள். இடிக்கக் கூடாது என்று ஊரில் பலர் எழுந்து நின்று, இங்கிலாந்து ராணிக்கே மனு எழுதிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 1978ல் இடித்துவிட்டார்கள். மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். 1990ல்தான் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள்.

இடித்தது 1978ல். முப்பது வருடமாக நின்றிருந்த கான்டன் நேரடி ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது 1979 ஏப்ரலில். ஒரே ஒரு வருடம்! அந்த ஸ்டேஷன் முப்பது வருடம் காத்திருந்தது, வண்டி வருவதற்கு முந்தின வருடம் இடிபட்டது. ரயில்வேக்காரனான எனக்கு இதைக் கேட்க வயிற்றைப் பிசைந்தது.

அக்கா வந்தது 1980ல். நாற்பத்தேழு வயது. ஹங் ஹாம் ஸ்டேஷனில் இவர் போய் நின்றார். கூட்டத்தில் யார் என்று இவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காதான் கண்டுபிடித்தாளாம். அப்பாவின் காது உனக்கு என்றாளாம். வீட்டுக்குப் போகும் வழியில், "அம்மா சொன்ன மணிக்கூண்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அப்போது இல்லை. பஸ் ஏற்றி இங்கே கூட்டி வந்தார். அன்றைக்குச் சுற்றிலும் வெறும் பொட்டல். நடுவில் இது ஒன்று மட்டும் நின்றிருக்கிறது. அக்கா அதன் அடியில் போய் நின்று மேலே பார்த்தாள். பிறகு திரும்பி, "ரயில் எங்கே?" என்று கேட்டாளாம்.

அக்கா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அதற்குள் நாலைந்து தடவை இவர் குவாங்சௌ போய் வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் இங்கே வந்து உட்காருவாராம். வேண்டுதல் ஒன்றும் இல்லை, வீட்டில் இடம் சின்னது, அதனால்தான் என்று சிரித்தார்.

அப்போது ஆறு மணி ஆயிற்று. மேலேயிருந்து மணி அடித்தது. ஆறு அடி. கூட்டத்தில் பாதிப் பேர் தலை தூக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்த மணி 1950ல் ஓய்ந்துவிட்டதாம். மணிக்கூண்டுக்கு நூறு வயது நிறைந்ததைக் கொண்டாட 2021 டிசம்பரில் மறுபடி ஒலிக்கச் செய்திருக்கிறார்கள். ஆனால் அடிப்பது அசல் மணி இல்லை. மின்னணு முறையில் ஒலிபெருக்கி வழியாக வரும் ஓசை. "சின்ன வயதில் கேட்ட மாதிரியே இருக்கிறதா?" என்று கேட்டேன். "அக்கா இருந்தால் கேட்டுச் சொல்வாள். எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

கிளம்பும்போது பேத்தி எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். மணிக்கூண்டுக்கு அவர்கள் பாஷையில் ஜுங் லௌ என்று பெயராம். ஜுங் என்றால் கோயில் மணியும்தான், கடிகாரமும்தான். நேரம் சொல்லும்போதும் அதே வார்த்தை. மூன்று மணி என்பதற்கு சாம் தீம் ஜுங். "நம்மளும் மணின்னுதானே சொல்றோம் தாத்தா, அடிக்கறதுக்கும் டைமுக்கும்?" என்றாள். எழுபது வருடம் தமிழ் பேசுகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

திரும்பிப் போகும்போது ஸ்டார் ஃபெர்ரியில் ஒரு தடவை கடலைத் தாண்டிப் போய்வரலாம் என்றாள். அந்தப் படகு சர்வீஸை ஆரம்பித்தவரும் நம் நாட்டுக்காரர்தான், தோராப்ஜி நௌரோஜி என்ற பார்சி. அக்கரையில் இறங்கினோம். அந்தப் பக்கத்துப் படகுத்துறையிலும் ஒரு மணிக்கூண்டு இருந்ததாம், 1957லிருந்து. கடலை நிரப்பி ரோடு போடுவதற்காக 2006 டிசம்பரில் அதை இடித்தார்கள். இளைஞர்கள் உள்ளே புகுந்து மறித்துப் பார்த்தும் பயனில்லை. ஆக, ஒரே கடலின் இரண்டு கரையில் இரண்டு மணிக்கூண்டு. ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. எது மிஞ்சும் என்று யாரால் சொல்ல முடியும்?

ராத்திரி படுக்கும்போது மனைவியிடம் பெரியவர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் இருட்டில் குரல் வந்தது.

"உங்க தம்பி பேரனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. நல்லா ஓடுறானாம்."

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன? தூங்குங்க."

ஓரகத்திகள் இருவரும் ஏழு வருடமாகப் போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியாது.

ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரு நாள் பேத்தி என்னை இன்னொரு இடத்துக்குக் கூட்டிப் போனாள். மணிக்கூண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பூங்கா. பழைய ஸ்டேஷனின் கருங்கல் தூண்கள் ஆறை அங்கே கொண்டுபோய் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதையும் தாங்காத தூண்கள். பக்கத்தில் நின்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி மூன்றாவது வாரம் ஊர் வந்து சேர்ந்தோம். பொங்கல் முடிந்திருந்தது. இரண்டு நாள் வீட்டைத் துடைத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, கரண்ட் பில் கட்டி, இல்லாத வேலையெல்லாம் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் மனைவி ஒரு பையில் ஹாங்காங் சாக்லேட் டப்பாவும், ஒரு சின்னப் பையன் சட்டையும் போட்டு வாசல் நாற்காலியில் வைத்திருந்தாள். சட்டையை எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

கும்பகோணத்தில் இறங்கி நடந்தே போனேன். போன் பண்ணவில்லை. பண்ணினால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பி ரேஷன் கடைக்குப் போயிருந்தான். திண்ணையில் உட்கார்ந்தேன். அரைக்கால் டிராயர் போட்ட ஒரு பொடியன் வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

இருபது நிமிடம் கழித்து சைக்கிள் வந்தது. அரிசிப் பையை இறக்கினான். தலை பாதி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தான்.

"வாங்க" என்றான்.

சின்ன வயதிலிருந்து அவன் என்னை 'வா அண்ணே' என்றுதான் சொல்வான். இந்த 'வாங்க' எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அது வேண்டியதுதான்.

பாதையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. சாப்பிட்டோம். வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். சாப்பிட்ட பிறகு அவன் பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இது யார், அது யார் என்று சொன்னான். பெரியப்பா பெரியம்மா நின்று ஆசீர்வாதம் பண்ண வேண்டிய இடத்தில் எங்கள் சித்தப்பா மகன் நின்றிருந்தார். அந்தப் பக்கம் வந்ததும் அவன் கொஞ்சம் வேகமாகத் திருப்பினான். நான் கையை வைத்து நிறுத்தி, அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன்.

சாயங்கால வண்டிக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். அவன் ரயில்வே இல்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆனால் அப்பா எங்கள் இருவரையும் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வண்டி காட்டுவார். இருவருக்கும் ஒரே பைத்தியம்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஹாங்காங் கதையைச் சொன்னேன். மணிக்கூண்டை, ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வருடக்கணக்கில் ஓட்டியதை, மற்ற மூன்றும் பின்னால் வந்து சேர்ந்ததை, பெரியவரை, அவருடைய அக்காவை, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அக்காமேல் இருந்த கோபத்தையும் சொன்னேன். தம்பி தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டான். வண்டி வருவதற்கு மணி அடித்தார்கள்.

எழுந்தோம். பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"ஏன் அண்ணே, நாலு பக்கமும் ஒரே மணிதான் காட்டுதா? நீ சரிபார்க்காம வந்திருக்க மாட்டியே!"

"ரெண்டு தடவை பார்த்தேன்டா. ஒரே மணிதான்" என்றேன்.

வரும் மாசியில் மகாமகக் குளத்தங்கரையில் அவன் பேரனுக்குக் காது குத்துகிறார்கள். இந்தத் தடவை பத்திரிகை கொடுக்க அவன் வர வேண்டாம், நானே முதல் நாள் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். காலை வண்டி, ஜன்னல் ஓரம்.